வீங்கிய கன்னம் சொன்ன விடை

அவைக்குத் தலைமை ஏற்று அழகு சேர்க்கும் மணமகளின் பெரியப்பா அவர்களே! மணமக்களைப் பெற்றெடுத்த பெருமக்களே! முன்வரிசையை முழுதாய்ப் பிடித்துக்கொண்ட மூத்தோர்களே! மடியில் மழலையும் முகத்தில் மலர்ச்சியுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைபேசிக்குள் தலை கவிழ்ந்திருக்கும் என் ஆய்வுக்கூடத்துக் கண்மணிகளே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

இந்த இருவரையும் சேர்த்து வைத்தது யார் என்று கேட்கிறீர்கள். தரகரா? இல்லை. சொந்தமா? இல்லை. ஒரு சொத்தைப் பல்! சிரிக்காதீர்கள் ஐயா, உண்மையைத்தான் சொல்கிறேன்.

நம் இரத்தத்தில் நோயை எதிர்க்கும் காவல் அணுக்கள் இருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் நொதிகள் குடியிருக்கின்றன. நொதி என்றால், ஒரு பொருளை உடைத்து வேறொன்றாக்கும் உழைப்பாளிப் புரதம். அடிபட்ட இடத்தில் 'ஆபத்து, ஆபத்து' என்று அலறும் பொருளை உடைத்து, 'அமைதி, அமைதி' என்று ஆற்றும் பொருளாக்கும் நொதியும் அங்கே உண்டு. உடலில் அழற்சி மூண்டால், சூடும் சிவப்பும் வீக்கமும் எழுந்தால், அந்தச் செய்தி கேட்டு இந்த நொதியின் வேகம் ஏறுமா? இறங்குமா? இதைத்தான் மணமக்கள் ஆராய்ந்தார்கள். ஒற்றுமையாகவா? எதிரும் புதிருமாக!

எங்கள் கூடத்தில் மணமகளுக்குப் பெயர் பட்டாசு. மாப்பிள்ளைக்குப் பெயர் நிதானம். ஆளுக்கொரு குழாய் தங்கள் இரத்தத்தையே கொடுத்து, அணுக்களைப் பிரித்து, அழற்சிச் செய்தி சொல்லும் புரதத்தைச் சேர்த்து அளந்தார்கள். அவள் அணுக்கள் இருந்த சோதனைத் தட்டில் நொதியின் வேகம் குபீரென்று ஏறியது. அவன் தட்டில் அசையவே இல்லை. மறுபடி செய்தார்கள். மறுபடியும் அதே! ஒரே அறை, ஒரே கருவி, ஒரே கரைசல். விடை மட்டும் வேறு வேறு.

"சரியா கலந்தீங்களா?" என்றாள் அவள்.

"நீங்க எடுத்த அதே புட்டிதாங்க," என்றான் அவன்.

"அப்ப உங்க கைதான் சரியில்லை!"

முகம் சுண்டிப்போனது நிதானத்துக்கு. மறுநாள் காலை என் அறையில் வந்து நின்றான்.

"மேடம், நான் விலகிக்கிறேன். என்னால அவங்க உழைப்பும் வீணாப்போகுது."

வாசலில் நின்ற பட்டாசு அதைக் கேட்டுவிட்டாள். வெடித்தாளா? இல்லை. நேரே கணினிக்கு ஓடினாள். புரதம் சேர்ப்பதற்கு முந்தைய அளவை முதல்முறையாக உற்றுப் பார்த்தாள். அவன் அணுக்களில் அப்போதே வேகம் உச்சத்தில் இருந்தது! ஏற்கெனவே மொட்டைமாடியில் நிற்பவன் இன்னும் எங்கே ஏறுவான்?

திரும்பி வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு கன்னம் லேசாக உப்பியிருந்தது.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"வாயைத் திறங்க!"

"பல்லுதான்... கொஞ்ச நாளா வலி. டாக்டர்கிட்ட போக பயம்."

அங்கே மாப்பிள்ளையின் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஆமாம் அம்மா, உங்களிடமும் மறைத்துவிட்டான் பிள்ளை!

பட்டாசு அவனை அப்படியே இழுத்துக்கொண்டு போனாள். "நல்லவேளை வந்தீங்க, சீழ் தாடைக்குள்ள இறங்கப் பார்க்குது," என்றார் பல் மருத்துவர். பல்லைப் பிடுங்கி முடிக்கும்வரை அவன் கையை அவள் விடவில்லை.

வீக்கம் வற்றியது. உடம்பு தேறியது. மீண்டும் இரத்தம் கொடுத்தான். தொடக்க வேகம் தணிந்திருந்தது. புரதம் சேர்த்ததும் ஏறியது, அவள் தட்டில் ஏறியது போலவே ஏறியது! ஒரு பல்லை நம்பி உலகுக்குச் சொல்லலாமா? கூடாது. வேறு பலரின் இரத்தத்திலும் சோதித்தார்கள். விடை நிலைத்தது, கூடமே துள்ளியது!

அன்று அவள் சொன்னாள்: "உங்க கைமேல தப்பில்லை. என் வாய்மேலதான். மன்னிச்சிடுங்க."

நிதானம் நிதானமாகச் சொன்னான்: "அந்தக் கையை நீங்களே வெச்சுக்குங்களேன்."

கைதட்டுங்கள்! இன்னும் பலமாக!

அன்பர்களே! விடைகள் வேறுபட்டால் வெறுப்பா வர வேண்டும்? வார்த்தைகள் மோதினால் வாசலா சாத்த வேண்டும்? நம் எதிரே நிற்பவர் ஏறாமல் நிற்கிறாரா? இறங்காமல் இருக்கிறாரா? அருகே செல்லுங்கள். முகம் பாருங்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்! கேட்கிற இல்லம் தழைக்கும். கேட்கிற கூடம் சிறக்கும். கேட்கிற உலகம் செழிக்கும்!

என்னை உறவாய் எண்ணி ஒலிபெருக்கி முன் நிறுத்திய இரு வீட்டாருக்கும், வாய்விட்டுச் சிரித்து வாழ்த்திய உங்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. மணமக்கள் வாழ்க, வளர்க! வணக்கம்!