ஒரு ஜீனின் வாயை அடைத்தவள்

அடையாற்றிலிருந்து மயிலாப்பூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை ஆராய்ச்சி மாணவி என்பது போகப்போகத்தான் புரிந்தது.

"அக்கா, இன்னிக்கு அதோட வாயை அடைச்சுட்டேன்."

"யாரோட வாயை?"

"ஒரு ஜீனோட வாயை. கேன்சர் செல்லை வளரு வளருன்னு சொல்லிட்டே இருக்கும். அது அனுப்பற செய்திதான் ஆர்.என்.ஏ. அதை வெட்டற என்சைம் ஒண்ணு பண்ணியிருக்கோம்."

"போன மாசமே வெட்டிடுச்சுன்னியே?"

"வெட்டிச்சு. ஆனா நம்ம கை வேர்வையிலயும் அதை வெட்டற என்சைம் இருக்கு. உன் கை பட்டுத்தான் வெட்டியிருக்கும்னு என் கைடு சார் சொல்லிட்டார். இந்தத் தடவையும் சந்தேகமா இருந்தா வேற தலைப்பு எடுத்துக்கோன்னார்."

"இப்ப?"

"வெட்ட முடியாதபடி மாத்தின என்சைமை இன்னொரு டியூப்ல போட்டேன். அதுல ஆர்.என்.ஏ. முழுசா இருக்கு. என் கை பட்டிருந்தா அதுவும் வெட்டுப்பட்டிருக்கும். நிஜ என்சைம் போட்டதுல சரியா ரெண்டு துண்டு. என் கை இல்லக்கா."

அக்கா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "அப்ப மருந்து வந்துடுமா?"

"அதுக்கு எவ்வளவோ காலம் ஆகும். இது டியூப்லதான். செல்லுக்குள்ள இனிமேதான் போட்டுப் பார்க்கணும்."

"சார் என்ன சொன்னார்?"

"ரெண்டு டியூப்லயும் இருந்ததை எடுத்த படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அவரே வெளியே போய் எனக்கு டீ வாங்கிட்டு வந்தார்."