வரி கட்டாத வெள்ளைக் கார்

இந்தக் காலத்தில் யாரும் ஒரு தாளை முழுதாகப் படித்துக் காட்டுவதில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுகிறார்கள். அதன் மேல் விரலை வைத்து, "இங்க போடுங்க பெரியவரே" என்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வங்கியிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். நீங்களும் ஐயா, சற்று முன் அப்படித்தான் செய்தீர்கள். தப்பாக நினைக்க வேண்டாம், கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். என் பெயரைப் படிப்பேன், எழுதுவேன். எண்கள் தெரியும். தம்பியின் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன், அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் பெயர் கொடுத்தவனே நான்தான். மற்றபடி ஒரு தாளைப் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

அப்பா போனபோது எனக்குப் பதினாறு, அவனுக்கு ஆறு. நான் வெல்டிங் பட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன், அவன் படித்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இரண்டு பேரில் ஒருவன் படித்தால் போதும், மற்றவன் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். படித்தவன் சொல்வதை அப்படியே கேட்டதுதான் நான் செய்த தப்பு.

முதல் தடவை அப்பா வீட்டு விஷயத்தில் நடந்தது. "ஒரு கையெழுத்துதாண்ணே. மத்தத நான் பாத்துக்குறேன்" என்றான். போட்டேன். வீடு போயிற்று, அவன் வெளிநாடு போனான். "விக்கப்போறதா முன்னாடியே சொன்னேண்ணே, நீங்களும் தலையாட்டினீங்க" என்று பிறகு சொன்னான். தலையாட்டியிருக்கலாம். பட்டறை இரைச்சலில் நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். அந்தப் பணத்தில் கொஞ்சம் அனுப்பி என் பட்டறைக்குக் கூரையும் இரும்பு ஷட்டரும் போட்டுக்கொடுத்தான். அது வேறு கதை.

இரண்டாம் தடவைதான் இந்த வெள்ளைக் கார். போன வருஷம் கப்பலில் கொண்டுவந்தான். தெருவில் அவனுக்குத் துரை என்று பெயர், அந்தப் பெயருக்கு ஏற்ற வண்டி. ஆனால் வெளிநாட்டு வண்டிக்கு வரி என்று ஒன்று இருக்கிறதே. வண்டி வாங்கிய விலையைவிட வரி அதிகம். அதைக் கட்டாமல் பதிவு கிடையாது, பதிவு இல்லாமல் ரோட்டில் இறக்கக் கூடாது. கட்டுகிறவரை ஒரு வருஷம் தவணை தருவார்களாம். அதுவரை வண்டி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் ஜாமீன் நிற்க வேண்டும்.

"உங்க பட்டறையில நிக்கட்டும்ணே. ஒரு கையெழுத்துதான்."

"வரி?"

"அத நான் பாத்துக்குறேன்."

போட்டேன். பென்சில் குறி போட்ட இடத்தில். பட்டறையையே ஜாமீனாக எழுதியிருக்கிறார்கள் என்று சுங்க அதிகாரி வந்து முன் சக்கரத்தில் கம்பி கோத்து ஈய முத்திரை அடித்த பிறகுதான் தெரிந்தது. அதையும் அவர் போகிற போக்கில் சொன்னார். தம்பி அடுத்த வாரமே விமானம் ஏறிவிட்டான்.

என் பட்டறையில் ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். அந்த இடத்தில் பதினோரு மாதம் இந்தக் கார் நின்றது. மற்ற வண்டிகளுக்கு வாசலில் வைத்துத்தான் வேலை பார்த்தேன். மழை வந்தால் அதுவும் இல்லை. பழைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எதிர்த்தெருப் பட்டறைக்குப் போனார்கள். டீக்கடைக்காரர் தினமும் கேட்பார்: "என்ன பெரியவரே, வண்டிக்கு நீங்க காவலா, உங்களுக்கு வண்டி காவலா?" நானும் சிரித்துவைப்பேன். ஆனாலும் தினமும் காலையில் அந்தக் காரைத் துடைத்தேன். இரும்பு வேலை பார்க்கிறவனுக்குத் தூசி படிந்த பானட்டைப் பார்க்கப் பொறுக்காது.

மாதம் ஒரு தடவை சுங்க அதிகாரி வந்து முத்திரையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். பத்தாவது மாதம் கேட்டேன்.

"வரி கட்டாட்டி என்ன சார் ஆகும்?"

"வண்டிய எடுத்துப்போம். பத்தலேன்னா ஜாமீன் போட்டவர் இடம்."

"வண்டியே இல்லேன்னா?"

அவர் சிரித்தார். "வண்டியே இல்லேன்னா எதுக்குப் பெரியவரே வரி? காத்துக்கா வரி போடுவாங்க?"

டீக்கடைக்காரரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரை நீங்கள் விசாரிக்கலாம். அரசாங்க ஆள் சொன்ன வார்த்தை அது. நானாக உண்டாக்கியது இல்லை.

தவணை முடிய ஒன்பது நாள் இருக்கும்போது தம்பி வந்தான். முன்கூட்டி ஒரு போன்கூட இல்லை. இரண்டு நாள் சுங்க அலுவலகத்துக்கும் பதிவு அலுவலகத்துக்கும் அலைந்தான். "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். "நீங்க எதுக்குண்ணே வெயில்ல? உங்க அடையாள அட்டைய மட்டும் குடுங்க" என்றான். கொடுத்தேன். என்னைக் கூட்டிப்போகாமல் என் அட்டையை மட்டும் கூட்டிப்போனான். இதை நீங்கள் குறித்துக்கொள்ளவில்லை ஐயா. குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் வந்தான். கூட ஒரு சுங்க ஊழியர். அவர் கம்பியை வெட்டினார், முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டார், போய்விட்டார். தம்பிக்கு வாயெல்லாம் பல்.

"என்னடா ஆச்சு?"

"எல்லாம் முடிஞ்சுதுண்ணே."

"முடிஞ்சுதுன்னா?"

"சாயங்காலம் சொல்றேன். ஒருத்தர் வரணும். அதுவரைக்கும் ஒண்ணும் கேக்காதீங்க."

கேட்கவில்லை. சேர்ந்து சாப்பிட்டோம். என் தட்டில் அவனே பரிமாறினான். காரியம் ஆகவேண்டிய நேரத்தில் மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "ரெண்டு ராத்திரியா தூக்கமே இல்ல" என்று காருக்குள் ஏறி, சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டான். அந்தக் காருக்குள் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவான். புதுப் பாயில் உட்காருகிறவன் மாதிரி. கார்க் கதவுக்கு வெளியே இரண்டையும் ஒட்டிவைத்தாற்போல் விட்டிருப்பான். இறங்கினால் நேராகக் காலை நுழைத்துக்கொள்ளலாம்.

சட்டைப்பையில் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். வட்ட முத்திரை, ஒரு பெரிய தொகை. அது வரித் தொகைதான், நோட்டீஸில் பார்த்துப் பார்த்து அந்த எண் எனக்கு மனப்பாடம். மேலே என் பெயர். நடுவில் என் பெயர். கீழே மறுபடியும் என் பெயர். அவன் பெயர் ஒரே இடத்தில், ஓரமாக, பொடி எழுத்தில்.

மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். மூன்று இடத்தில் நான், ஓர் இடத்தில் அவன். அந்தத் தொகை என் பெயருக்கு நேராக இருந்தது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன படிக்க வேண்டும்?

எழுப்பிக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டால் என்ன சொல்லியிருப்பான்? "நான் பாத்துக்குறேன்" என்பான். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். டீக்கடைக்காரரிடம் கொடுத்தால் தெருவே படித்த மாதிரி. படித்தவர் யாரிடமாவது கொடுக்கலாம். ஆனால் படித்தவர்கள் எல்லாம் ஒரே கட்சி ஐயா, அது எனக்கு இந்த வயதில்தான் புரிந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அவன் மூச்சுவிடுகிற சத்தத்தைக் கேட்டேன். சின்ன வயதிலிருந்தே மூக்கடைத்துத்தான் தூங்குவான். பட்டறையை எடுத்துக்கொண்டால் நான் எங்கே போவேன் என்று யோசித்தேன். பிறகு அந்த அதிகாரி சொன்னது நினைவுக்கு வந்தது. வண்டியே இல்லை என்றால் எதற்கு வரி. நியாயமான பேச்சு.

தாளைச் சாட்சிக்கு வேண்டும் என்று என் பையில் வைத்துக்கொண்டேன். கேஸ் சிலிண்டரை உருட்டிப் பின்கட்டில் வைத்தேன், பக்கத்து வீடுகளுக்கு ஆபத்து வரக் கூடாது பாருங்கள். கட்டித் தொங்கவிட்டிருந்த வெல்டிங் கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். ஆணியில் இருந்த சட்டையையும் எடுத்து மடித்தேன். வெல்டிங்காரனுக்குத் தீயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். காரின் முன்பக்கம் தீப்பிடித்ததைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஷட்டரை இறக்கினேன். பூட்டினேன். வெளியே போகும்போது பூட்டுவது முப்பது வருஷப் பழக்கம். அதில் ஓர் உள்நோக்கமும் கிடையாது.

டீக்கடைக்குப் போனேன். சர்க்கரை குறைவாக ஒரு டீ குடித்தேன். புகையை முதலில் பார்த்தவர் அவர்தான். "உங்க பட்டறை மாதிரி இருக்கே" என்றார். "என் பட்டறைதான்" என்றேன். "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார். கார் இருக்கிறது என்று சொன்னேன். அது பொய்யில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தம்பி சொன்ன ஆள் வந்தார். வண்டிகளுக்கு நம்பர் பலகை அடிக்கிறவர். செய்தித்தாளில் சுற்றி இரண்டு பலகை கொண்டுவந்திருந்தார். தண்ணீரும் கரியுமாகக் கிடந்த இடத்தைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி வரியைக் கட்டி, வண்டியை என் பெயரில் பதிவு செய்து, எனக்கே கொடுத்துவிட்டானாம். பலகையை மாட்டியபின் சாவியை என் கையில் கொடுக்கப்போவதாக இவரிடம் சொன்னானாம். "அண்ணன் எனக்காகப் பதினோரு மாசம் பட்டறைய மூடி வச்ச மாதிரி இருந்தாரு" என்றானாம்.

நீங்களும் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு அதையே சொல்கிறீர்கள். கட்டிய ரசீது, பதிவுச் சான்று, பொடி எழுத்தில் இருந்தது கொடுத்தவர் பெயர் என்கிறீர்கள். வெளியில் நிற்கும் வக்கீலும் அதையே சொன்னார். எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதுதான் எனக்கு உதைக்கிறது.

பலகையை நான் பார்த்தேன். எண்தானே, அதற்கு யார் தயவும் வேண்டாம். என் பட்டறையின் கதவு எண் ஐயா. கேட்டு வாங்கினானாம், அதற்குத் தனியாகக் கட்டணமாம். சொல்லும்போது நம்பர் பலகைக்காரர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பட்டறையின் எண்ணை வண்டிக்குக் கொடுத்துவிட்டான் என்றால், பட்டறை வண்டிக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஆசையாகச் செய்தான் என்கிறார்கள். ஆசையாகச் செய்கிறவன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா? எதற்குச் சாயங்காலம் வரை மறைக்க வேண்டும்?

நடந்ததை நான் மறைக்கவில்லை. காரைக் கொளுத்தியது நான்தான். ஷட்டரைப் பூட்டியதும் நான்தான். நீங்கள் என் வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டீர்கள், பென்சில் குறியும் போட்டுவிட்டீர்கள். ஆனால் கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள். படிக்கத் தெரியாத தாளில் போட்டுப் போட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். பேனாவை மேஜையில் வைத்துவிட்டேன். நான் வருகிறேன், வாசல் எனக்குத் தெரியும். உங்கள் ஆள் பின்னால் வரட்டும்.

அந்தச் செருப்பைப் பற்றி இரண்டு தடவை கேட்டீர்கள். உள்ளே ஆள் இருப்பது தெரியாது என்றால் செருப்பு எப்படி வெளியே வந்தது என்று. தெரியாது என்று நான் எங்கே சொன்னேன்? கையோடு எடுத்துவந்து, பூட்டிய பிறகு ஷட்டர் ஓரமாக, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். வெயிலில் தரை கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து வந்தால் பிள்ளை வெறுங்காலோடு நிற்கக் கூடாது பாருங்கள்.