குருபோங் பல்லிசைச் செம்மல்

வாணி: காடிய எடுங்கன்னா, பின்னாடி பூட் கதவத் திறந்து திறந்து என்னத்தப் பாக்குறீங்க? மக கல்யாண டின்னருக்குப் பெத்தவங்க நாமளே லேட்டாப் போய் நின்னா நல்லாவா இருக்கும்?

சுகுமாரன்: இரு வாணி... சாக்ஸபோன் ஆச்சு. யுகுலேலே ஆச்சு. மேண்டலின், மவுத் ஆர்கன், புல்லாங்குழல்... எர்ஹூ எங்க பாய்?

ஜமீல்: அந்தச் சீனத்து ரெட்டைக் கம்பிதானே? என் முதுகுக்குப் பின்னால. மடியில ஹார்மோனியம். காலுக்குக் கீழ தபேலா. நான் எங்க இருக்கேன்னு மட்டும் யாரும் கேக்காதீங்க.

வாணி: பாய், பக்கத்து வீட்டுக்காரர்னா இவ்ளோ நல்லவரா இருக்கக் கூடாது. உங்க காடியிலயே வந்திருக்கலாம்ல.

ஜமீல்: அதுல ரஷீதாவும் மக ஹானாவும் முன்னாடியே போயிட்டாங்க தங்கச்சி. ஒரு கலைஞரத் தனியா விட்டுட்டுப் போக மனசு வருமா?

வாணி: ஏத்தி விடுங்க, நல்லா ஏத்தி விடுங்க... ஏங்க, இந்த வயலின் பெட்டிய நான் ஏன் மடியில வெச்சுக்கணும்? பட்டுப்புடவை கசங்குது.

சுகுமாரன்: அத மட்டும் யாருகிட்டயும் குடுக்காத. பத்திரம்.

வாணி: என்ன இவ்ளோ லேசா இருக்கு?

சுகுமாரன்: வயலின் லேசுதான். மரம் அப்படி.

ஜமீல்: க்க்கும்...

வாணி: என்ன பாய்?

ஜமீல்: ஒண்ணுமில்ல. தொண்டை.

சுகுமாரன்: சரி, கிளம்பலாம். நம்ம குருபோங்க விட்டுட்டா அப்புறம் நேரா புக்கிட் பெருவாங், அங்கருந்து பத்து நிமிஷத்துல ஹால்... பேச்சு ரெடியா வாணி?

வாணி: எந்தப் பேச்சு?

சுகுமாரன்: அட, அறிமுக உரை! நிகழ்ச்சி நிரல்லயே போட்டிருக்குல. மணமக்கள் உள்ள நுழையறதுக்கு முன்னாடி, 'பல்லிசைச் செம்மலைப் பற்றி அவர்தம் துணைவியார்'. அஞ்சு நிமிஷம் உனக்கு.

வாணி: எனக்கு அஞ்சு நிமிஷம். உங்களுக்கு?

சுகுமாரன்: அத அப்புறம் பாத்துக்கலாம்.

வாணி: என்னத்த அப்புறம் பாக்குறது? பதினோரு வாத்தியம்ங்க! சாப்பாட்டுக்கு உக்காந்திருக்கிற ஜனம் எழுந்து போயிடும்.

சுகுமாரன்: நீ பேச்ச ஒழுங்கா பேசு. மத்தது தானா நடக்கும்.

வாணி: இந்தச் செம்மல் பட்டத்த யாரு குடுத்தது, சொல்லுங்க பாக்கலாம்?

சுகுமாரன்: மன்றம் குடுத்துச்சு. மெலாக்கா பல்லிசைக் கலைஞர் மன்றம்.

வாணி: மன்றத்துக்குத் தலைவரு?

சுகுமாரன்: நான்தான்.

வாணி: செயலாளரு?

ஜமீல்: அடியேன்.

வாணி: பொருளாளரு?

ஜமீல்: வீராசாமி இருந்தாரு. இவரு சாக்ஸபோன் ஆரம்பிச்ச அன்னிக்கு வாட்ஸ்அப் குரூப்ப விட்டுப் போனவரு, இன்னும் திரும்பல.

சுகுமாரன்: தீர்மானம் முறைப்படி வந்துச்சு வாணி. ஒருத்தர் முன்மொழிஞ்சாரு, ஒருத்தர் வழிமொழிஞ்சாரு.

வாணி: முன்மொழிஞ்சது பாய்னு தெரியும். வழிமொழிஞ்சது?

சுகுமாரன்: ...எண்ணெய் கம்மியா இருக்கு. இந்த பெட்ரோல் ஸ்டேஷன்ல அடிச்சிட்டுப் போயிடலாம்.

வாணி: இப்பவா? நேத்தே அடிச்சு வெக்கத் தெரியாதா?

சுகுமாரன்: நேத்து ராத்திரி வரைக்கும் ஹால்ல நாற்காலிக்குத் துணி கட்டிட்டு இருந்தேன்லா.

வாணி: கட்டுனீங்க, அதுவும் கோணலா. மக போட்டோ அனுப்புனா.

சுகுமாரன்: ...சரி. இருங்க, வந்துடறேன்.

வாணி: பாய்... உள்ள போயிட்டாரா?

ஜமீல்: போயிட்டாரு. கவுண்டர்ல வரிசை நிக்குது. என்ன தங்கச்சி, கண்ணு கலங்கியிருக்கு?

வாணி: தேவிஸ்ரீ மத்தியானம் போன் பண்ணுனா. 'அப்பா மேடையில ஏறி ஒரே ஒரு சத்தம் எழுப்புனாலும் நான் மேக்கப் ரூம விட்டு வெளிய வரமாட்டேன், கோகுலராஜ மட்டும் தனியா நடந்து வரச் சொல்லுங்க'ன்னுட்டா. பிடிவாதக்காரி. சொன்னா செய்வா.

ஜமீல்: யா அல்லாஹ்.

வாணி: அங்க சம்பந்தி நல்லமுத்து வேற உக்காந்திருப்பாரு. நேத்து கோயில்ல பாத்தீங்கள்ல? தாலி கட்டுற நேரம்... அந்த நேரத்துல போய் நாதஸ்வரக்காரர் காதுல 'சுருதி எறங்குது'ன்னு சொல்லிட்டு வந்த மனுஷன்! அவரு முன்னாடி இவரு எர்ஹூல சரளி வரிசை வாசிச்சா?

ஜமீல்: உலகத்துலயே எர்ஹூல சரளி வரிசை வாசிச்ச ஆளு நம்ம சுகு ஒருத்தர்தான். அத ஒத்துக்கணும்.

வாணி: எதுல வாசிச்சாலும் அதே சரளி வரிசைதான் பாய்! அதுலயும் மூணாவது வரிசையத் தாண்டுனதில்ல. கோம்பாங் வாங்கினாரே, மலாய்க்காரங்க கல்யாணத்துல மாப்பிள்ளை வரும்போது தட்டுவாங்களே... அதுலயும் சரளி வரிசை! தட்டுற தோல்ல 'ச' எங்க இருக்கு, 'ரி' எங்க இருக்கு?

ஜமீல்: நானும் கேட்டேன். 'மனசுல பாடிக்கணும் பாய்'னாரு.

வாணி: சிரிக்காதீங்க. நானே வெச்சுக்கிட்ட வேட்டு இது.

ஜமீல்: எப்படி?

வாணி: கொரோனா எம்சிஓ ஞாபகம் இருக்கா? வெளிய போக முடியாது. நாலு சுவத்துக்குள்ள நான், அவரு, அந்த யுகுலேலே. டிங் டிங் டிங்னு... பைத்தியம் பிடிச்சிடும் போல. திட்டிப் பாத்தேன். 'சரி, இன்னும் சாதகம் பண்றேன்'னு கூட ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டாரு. ஒரு நாளு வெறுத்துப் போயி, 'அட அட, பிரமாதம்ங்க, இதுல இனிமே கத்துக்க என்ன இருக்கு'ன்னு சும்மா சொல்லி வெச்சேன். மறுநாளு பாக்குறேன், யுகுலேலே அலமாரி மேல!

ஜமீல்: பலே.

வாணி: மருந்து கிடைச்சிடுச்சுன்னு நெனைச்சேன். அடுத்த வாரம் ஹார்மோனியம் வந்து எறங்குது.

ஜமீல்: அதையும் பாராட்டுன.

வாணி: வேற வழி? பாராட்டுனேன், போச்சு. புல்லாங்குழல் வந்துச்சு. பாராட்டுனேன், போச்சு. தபேலா. அதுக்கு ரெண்டு தடவ பாராட்ட வேண்டியிருந்துச்சு.

ஜமீல்: வேலிக்கு இந்தப் பக்கம் நானும் 'மாஷா அல்லாஹ்'ன்னு சொன்னேனே. நீ கண்ணக் காட்டுவ, நான் சொல்லுவேன். என் மேலயும் பாவம் இருக்கு.

வாணி: இப்பப் பாருங்க. பாராட்டிப் பாராட்டி ஒரு வித்வானையே உருவாக்கி வெச்சிருக்கேன். ஹால் வாசல்ல பேனர் அடிச்சிருக்காரு, பாத்தீங்களா? பதினோரு வாத்தியத்தோட இவரு கைகூப்பி நிக்கிறாரு. பொண்ணு மாப்பிள்ளை மூலையில, பாஸ்போர்ட் சைஸ்ல.

ஜமீல்: தங்கச்சி... நான் ஒண்ணு சொல்றேன். பேசாம அவருகிட்ட உண்மையச் சொல்லிடு.

வாணி: மக கல்யாண விருந்தன்னிக்கா? மனுஷன் ஒடைஞ்சு போயிடுவாரு பாய். சண்டை போடறது எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, தினம் போடறதுதான். ஆனா வாசிச்சு முடிச்சிட்டு ஒரு பார்வை பாப்பாரு... 'நல்லா இருந்துச்சா வாணி'ன்னு. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?

ஜமீல்: சொல்லிப் பாரேன். ஒருவேளை...

வாணி: என்ன ஒருவேளை?

ஜமீல்: ஒண்ணுமில்ல. வர்றாரு, வர்றாரு.

சுகுமாரன்: என்ன, ரெண்டு பேரும் கப்சிப்னு ஆயிட்டீங்க?

ஜமீல்: உன் பெருமையத்தான் பேசிட்டு இருந்தோம்.

சுகுமாரன்: அப்படியா! என்ன சொன்னா வாணி?

வாணி: ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

சுகுமாரன்: இந்த ஜிப்பா எப்படி இருக்கு? நானே போய் எடுத்தது.

வாணி: தெரியுது. மாம்பழக் கலர். அங்க மேசை விரிப்பும் அதே கலர். உங்கள விரிச்சு மேல சோத்த வெச்சிடப் போறாங்க.

சுகுமாரன்: சாப்பாட்டுக்கு அலைஞ்சு திரிஞ்சு கிளேபாங்ல ஒரு நல்ல கேட்டரிங்காரன் பிடிச்சேன்ல... அதாவது...

வாணி: ருசி பாத்தேன். ஆட்டுக்கறியில உப்பு தூக்கல்.

சுகுமாரன்: ...ஜாம் பாரு, புக்கிட் பெருவாங்ல. சனிக்கிழமையானா இப்படித்தான்.

வாணி: ஏங்க... ஹால்ல மைக் சரியில்லயாம். இன்னிக்கு வேணாமே?

சுகுமாரன்: காலையிலதான் நான் செக் பண்ணுனேன். கணீர்னு இருக்கு. உன் குரல் கடைசி மேசை வரைக்கும் கேக்கும்.

வாணி: என் குரல் கிடக்கட்டும். நீங்க ஒண்ணே ஒண்ணு மட்டும் வாசிங்களேன். புல்லாங்குழல். சத்தம் கம்மி.

சுகுமாரன்: அறிமுகத்துல பதினொண்ணையும் சொல்லணும் வாணி. ஒவ்வொண்ணையும் நான் எப்படிக் கத்துக்கிட்டேன், நீ கேட்டுட்டு என்ன சொன்ன... வரிசையா. ஞாபகம் இருக்குல்ல?

வாணி: நான் என்ன சொன்னேன்?

சுகுமாரன்: ஹார்மோனியத்துக்கு 'கோயில்ல நிக்கிற மாதிரி இருக்கு'ன்ன. மேண்டலினுக்கு 'மழத்தூறல்'ன்ன. எர்ஹூவுக்கு ஒண்ணும் சொல்லாம என் தோளத் தட்டுன.

வாணி: இதெல்லாமா ஞாபகம் வெச்சிருக்கீங்க?

சுகுமாரன்: ஹால் வந்துடுச்சு. பின்பக்கம் நிறுத்தறேன், சாமான் எறக்கச் சுலபம்.

வாணி: எறக்காதீங்க.

சுகுமாரன்: ஏன்?

வாணி: எஞ்சின நிறுத்துங்க. நான் ஒண்ணு சொல்லணும்... பாய், நீங்க எறங்காதீங்க. நீங்களும் இருங்க.

ஜமீல்: நான் எறங்கணும்னா முதல்ல ஹார்மோனியம் எறங்கணும் தங்கச்சி.

வாணி: ஏங்க... நீங்க வாசிக்கிறது நல்லா இல்லங்க. ஒண்ணுகூட. சத்தத்த நிறுத்தத்தான் நான் பாராட்டுனேன். எல்லாம் பொய்யி. இன்னிக்கு மட்டும் மேடையில ஏறாதீங்க, உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன். மக அழுதுட்டிருக்கா. ஏதாச்சும் சொல்லுங்க. திட்டுங்க.

சுகுமாரன்: யுகுலேலேகூடவா?

வாணி: யுகுலேலேதான் ரொம்ப மோசம்.

சுகுமாரன்: அப்படியா? நான் சாக்ஸபோன்தான்னு நெனைச்சேன்.

வாணி: என்னது?

சுகுமாரன்: சாக்ஸபோன் வாசிச்சு முடிச்சுத் திரும்புறேன். நீ காதுல இருந்து பஞ்ச எடுத்துப் போட்டுட்டு 'தேனா இருக்குங்க'ன்ன. அந்தப் பஞ்சக் கூட்டி அள்ளுனதே நான்தான்.

வாணி: ஐயோ... உங்களுக்குத் தெரியுமா?

சுகுமாரன்: எனக்கும் ரெண்டு காது இருக்குல லா.

வாணி: தெரிஞ்சுக்கிட்டேதான் இன்னிக்கு சம்பந்தி முன்னாடி வாசிக்கப் போறீங்களா?

சுகுமாரன்: வாசிக்கிறேன்னு நான் எப்ப சொன்னேன்? நீ பேசுவ. நான் எழுந்து நின்னு கேப்பேன். கும்பிட்டுட்டுக் கீழ எறங்கிடுவேன். அவ்ளோதான் நிகழ்ச்சி. புள்ளைக்குப் போன் பண்ணிச் சொல்லு, ஒரு சத்தமும் வராதுன்னு.

வாணி: அப்ப இவ்ளோ வாத்தியத்தையும் எதுக்கு ஏத்திக்கிட்டு வந்தீங்க?

ஜமீல்: வாத்தியம் எங்க தங்கச்சி வந்துச்சு? எல்லாம் வீட்டுல இருக்கு. இது வெறும் பெட்டி. மேடையில அடுக்குனா பாக்க கம்பீரமா இருக்கும்னாரு. தபேலா பையில இருக்கறது என் வீட்டுத் தலகாணி. ரஷீதா இன்னும் தேடிக்கிட்டிருப்பா.

வாணி: பாய்! நீங்களும் கூட்டா?

ஜமீல்: உண்மையச் சொல்லிடுன்னு நான் சொன்னேனா இல்லயா?

வாணி: அப்ப இதுவும் காலியா? இத்தன தூரம் மடியில வெச்சு... இல்லயே. உள்ள என்னமோ இருக்கு. என்ன இது, பொன்னாடை? ஜரிகையெல்லாம் போட்டு... சம்பந்திக்கா?

சுகுமாரன்: சம்பந்திக்கு வேற வாங்கியாச்சு. இது எனக்கு. நம்ம பாய் துணிக்கடையில எடுத்தேன். நீ பேசி முடிச்சதும் அத நீயே எனக்குப் போத்தி விட்டுடு.

வாணி: எல்லாம் பொய்யின்னு சொல்லிட்டேனே... இனிமே அங்க ஏறி நான் என்னத்தப் பேசறது?

சுகுமாரன்: அந்தப் பொய்யயே பேசு வாணி. ஒண்ண முடிச்சாத்தானே நீ நல்லா இருக்குன்னு சொல்லுவ, அதுக்காகத்தானே நானும் அடுத்தது அடுத்தது வாங்கினேன். நாற்காலிக்குத் துணி கட்டுனேன், சோத்துக்கு ஆளு பிடிச்சேன், மகள வளத்து இன்னிக்கு வாசல் வரைக்கும் கொண்டாந்தேன்... வேற எதுக்கும் நீ எனக்கு அந்தப் பொய்யக்கூட சொன்னதில்லயே.