ஈரம்: இல்லை

சொட்டுகிற குழாயை வைத்துக்கொண்டு என்னால் சும்மா உட்கார முடியாது. நீங்கள் என்னை உட்காரவைத்திருக்கும் இந்த அறைக்கு வெளியே ஒன்று சொட்டிக்கொண்டிருக்கிறது. வாஷர் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. ஆனால் யாரும் செய்ய மாட்டார்கள், அடியில் வாளி வைப்பார்கள். டாக்டர்களும் அப்படித்தான்.

முப்பத்திரண்டு வருடம் குடிநீர் வாரியத்தில் கசிவு பார்த்தவன் நான். அண்ணன் கல்லூரிப் பேராசிரியர். யார் வந்தாலும், "இவன் என் தம்பி, குழாய் ரிப்பேர்" என்று சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்வார். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. கூடச் சிரித்தவர்களின் முகங்கள் மட்டும் ஒன்றுவிடாமல் நினைவிருக்கின்றன.

போன வருடம் அவருக்குப் புராஸ்டேட்டை எடுத்தார்கள். அதன் பிறகு சிறுநீர் நிற்கவில்லை. இருமினால் போகும், சிரித்தால் போகும், நாற்காலியை விட்டு எழுந்தால் போகும். அண்ணி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, முழங்காலும் கெட்டு வாக்கரைப் பிடித்துத்தான் நடை. வேறு போக்கிடம் ஏது? குழாய் ரிப்பேர் வீட்டுக்குத்தான் வந்தார். என் சோபாவில் உட்கார்ந்து உலக அரசியல் பேசிக்கொண்டே நனைத்தார். நனைத்த பிறகும் பேச்சை நிறுத்தவில்லை.

முதல் டாக்டர், இடுப்புத் தசையை இறுக்கி இறுக்கி விடச் சொன்னார். ஆறு மாதம் பொறுமையாகச் செய்ய வேண்டுமாம். அண்ணன் ஆறு நாள் செய்தார். இரண்டாமவர் மாத்திரை கொடுத்தார். கீழே ஈரம் அப்படியே இருந்தது, வாய் மட்டும் காய்ந்தது. மூன்றாமவர், உள்ளே ஒரு வளையம் வைத்து இறுக்கலாம், ஆனால் இந்த இதயத்துக்கு மயக்க மருந்து தாங்காது என்று கைகழுவினார். கடைசியில் டயபர் எழுதிக்கொடுத்தார்கள். அத்தனை படிப்பும் படித்துவிட்டு அதே வாளி.

நர்ஸ் ஒரு நீல நோட்டைக் கொடுத்தார். எவ்வளவு குடித்தார், எத்தனை முறை நனைத்தார் என்று தினமும் எழுத வேண்டும். உங்கள் மேஜை மேல் இருப்பது அதுதான். "சாயங்காலத்துக்கு மேல தண்ணிய கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று டாக்டர் சொன்னதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். குறைத்தேன். பதினோரு முறை எட்டானது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை பேரும் கசிகிற இடத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். வருகிற வழியில் வால்வை மூட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் வேலையில் அது முதல் நாள் பாடம்.

இரண்டு தம்ளர், ஒரு தம்ளர், அரைத் தம்ளர். ஈரம் ஐந்து, மூன்று, இரண்டு. நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். ஆள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. "பிரமாதம், பயிற்சி நல்லா வேலை செய்யுது" என்றார். நான் எதையும் விளக்கவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

அண்ணன் தண்ணீர் கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை.

"தம்பி, ஒரு வாய் தண்ணி குடுடா."

"அது தாகம் இல்லண்ணே. மாத்திரை பண்ற வேலை. வாய் காயும்னு டாக்டரே சொன்னாருல்ல?"

வாக்கரைத் தள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போக ஆரம்பித்தார். எல்லாக் குழாய்த் திருகுகளையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு மத்தியானம், தரை துடைக்கும் ஈரத்துணியை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். பேராசிரியர். அன்றிலிருந்து துணியை மொட்டை மாடியில் காயப்போட்டேன்.

அதற்கு அடுத்த நாள் படுக்கையில் இருந்தபடியே என் சட்டைப் பையைப் பார்த்தார். குரல் கரகரத்தது. "உன்ன மாதிரி வேலை தெரிஞ்சவன் கிடையாதுடா தம்பி. தொறந்து விடுடா."

அறுபது வருடத்தில் முதல் பாராட்டு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதற்காகக் கையில் எடுத்த வேலையைப் பாதியில் விட முடியுமா?

நான் அவரை அடிக்கவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. தண்ணீரை நிறுத்தினேன். நிறுத்தினால் மனிதன் எத்தனை நாள் தாங்குவான் என்பது குடிநீர் வாரியத்தில் இருந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் செய்தேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் கடைசி நான்கு பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள். தண்ணீர்: இல்லை. ஈரம்: இல்லை. மூன்று டாக்டர்களால் முடியாத காரியம். ஐந்தாம் நாள் காலையில் நான் அவர் படுக்கையருகே போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருந்தது. அதை நான் நோட்டில் எழுதவில்லை. உயிர் போன பிறகு வருவது கசிவில் சேராது.