மக்தூம் பேரில் நாலு துப்பாக்கி

— அந்த டப்பாவ மட்டும் குடுத்துருங்க சிஸ்டர். நாம்பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிர்றனுங்க.

— தர மாட்டேன் வாசு. சாயா கேளுங்க, தாறேன். சோறு கேளுங்க, தாறேன். டப்பா கெடையாது.

— கீழ வண்டிய ரோட்டு மேலயே விட்டுட்டு வந்திருக்கறனுங்க. இந்தச் சத்வாத் தெருவுல வெள்ளிக்கெழம மத்தியானம் பார்க்கிங் கெடைக்குதுங்களா?

— அப்பம் போய் வண்டிய எடுங்க. ஒங்கள இங்க ஆரு கெட்டிப் போட்டிருக்கா?

— எட்டி சுகிர்தா, வீட்டுக்கு வந்த மனுசன வெரட்டாத. வாசு சாரே, நீரு இரியும். மீனு பொரியுது. இவ கெட்டினது என்னைய, குடும்பம் நடத்துகது அந்த நாலு துப்பாக்கி கூட. எனக்குப் பழகிப் போச்சு.

— நீங்க அடுப்பப் பாருங்க. கரிஞ்சுதுன்னா மீனுக்குப் பதிலா ஒங்களப் பொரிப்பேன்.

— ஞானையா அண்ணா, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க. டப்பாக்குள்ள என்ன, தங்கமுங்களா? துப்பாக்கி மேல மாட்டிக் குறி பாக்கற சைட்டு. நாலு துப்பாக்கிக்கு நாலு சைட்டு. கிளப்பு மொதலாளி மக்தூம் கேக்கறாரு. துப்பாக்கி அவரு பேருலதானுங்களே இருக்குது?

— பேரு அவருக்க பேரு. காசு ஆருக்க காசு?

— அது எனக்குத் தெரியாதுங்களா சிஸ்டர்.

— தெரிஞ்சா ஒங்க வாயால சொல்லுங்க.

— உங்க காசுதானுங்க.

— ஆஸ்பத்திரி கேன்டீன்ல உக்காந்து ஒவ்வொண்ணையும் ஜெர்மனி ஏலத்துல போன்ல கேட்டு எடுத்தது ஆரு?

— நீங்கதானுங்க.

— ஒங்க மக்தூம் என்ன செய்தாரு?

— லைசென்சுல கையெழுத்துப் போட்டாருங்க.

— அதையும் ஆரு சொல்லி? “வெளிநாட்டுக்காரங்களுக்கு லைசென்ஸ் மாஃபி, கெடையவே கெடையாது சிஸ்டர், கிளப் ஓனரு பேருல வாங்கிருங்க, துப்பாக்கி கிளப்பு இரும்புப் பெட்டியில இருக்கட்டும், சுடுறது நீங்கதான”ன்னு எனக்க காதுல ஓதினது ஆரு?

— நாந்தானுங்க சொன்னேன். கெட்ட எண்ணத்துல சொல்லலீங்க. இந்தத் தெருவுல தையக்கடையிலருந்து சாயாக்கடை வரைக்கும் எத்தன வருசமா எல்லாமே அரபி பேருலதானுங்களே ஓடுச்சு? நம்ம சனங்க எல்லாரும் பண்ற மாதிரி பண்ணோம்.

— அதத்தான் சொல்லுதேன். கடைய எழுதி வெச்ச மாதிரியே துப்பாக்கியையும் எழுதி வெச்சேன். ஒரு தாளு கேக்கல. அவரு நெஞ்சுல கை வெச்சாரு, அது போதும்னு நெனச்சேன். எனக்க புத்திக்கு நானே தலையில குட்டிக்கணும். ஆனா சைட்டு லைசென்சுல இல்ல கேட்டீயளா. அது பித்தள, திருகாணி, கண்ணாடி. அது எனக்குள்ளது.

— ஒவ்வொரு தடவையும் சுட்டு முடிச்சதும் அதக் கழட்டி நீங்க வீட்டுக்குக் கொண்டாந்ததே தப்புங்க. பெட்டியிலயே விட்டிருந்தா இன்னிக்கு இந்தப் பேச்சே இல்ல.

— பெட்டியில விட்டா இடிச்சு வளஞ்சிரும். மயிரிழை அளவுக்கு ஏத்தி எறக்குத சாமான் அது. வெவரமுள்ளவன் எவனும் கழத்தித்தான் கொண்டு போவான். இப்பம் பாத்தீயளா, துப்பாக்கி அவருக்க பேருல, கண்ணு எனக்க கையில. குருட்டுத் துப்பாக்கிய வெச்சு அவரு என்ன செய்யப் போறாரு?

— நாளான்னிக்குப் பக்கத்து நாட்டுலருந்து விருந்தாளிங்க வர்றாங்க சிஸ்டர். நாலு பேரு. ஆளுக்கொரு துப்பாக்கி.

— சும்மாவா?

— பரிசுங்க. அதுல ஒருத்தரு இந்தப் பழைய துப்பாக்கி வெவகாரமெல்லாம் தெரிஞ்ச ஆளு. சைட்டு இருக்க வேண்டிய எடத்துல வெறும் ஓட்டையப் பாத்தாருன்னா மொதலாளிக்கு மானம் போயிரும். அதுமில்லாம, சைட்டையும் சேத்துத்தான் முலாம் பூசோணும். அது வராம பட்டறக்காரன் வேலைய ஆரம்பிக்க மாட்டேங்கறான்.

— என்ன பூசணும்?

— தங்க முலாமுங்க. நான் உங்ககிட்டச் சொல்லியிருக்கக் கூடாது.

— சவம்! தங்க முலாமா? வாசு, ஒங்களுக்குத் தெரியுமா முலாம் எப்பிடிப் பூசுவான்னு?

— பளபளன்னு இருக்குமுங்க.

— மொதல்ல ஒரச்சு ஒரச்சு மேல உள்ளத உரிப்பான். நூறு வருசத்துக்கு மேல கை பட்டுப் பட்டு அந்த இரும்பு தவிட்டு நெறத்துல இருக்கு. அதுதான் அதுக்க தோலு. அத உரிச்சா செஞ்சவன் பேரும் போச்சு, அவன் கொத்தின இலையும் கொடியும் போச்சு. எழுவது வயசுக்காரிய அறுத்துத் தோல மாத்தி மணப்பொண்ணுன்னு கொண்டு நிறுத்துனா எப்பிடி இருக்கும்? அதுக்குப் பொறவு அது துப்பாக்கி இல்ல. மஞ்சக் குழாய்.

— எனக்கு ஒண்ணு வெளங்கல சாரே. கிளப்புல மத்தவன் எல்லாம் பத்துக் குண்டு அடைச்சு வெச்சு டப்பு டப்புன்னு சுடுதான். இவளுக்குள்ளதுல ஒண்ணே ஒண்ணு. அத வெடிச்சு, தொறந்து, வெந்த தோட்டாக் கூட்ட எடுத்துப் போட்டு, பொறவு இன்னொண்ணு வெக்கணும். நான் வள்ளத்துல எஞ்சின் மாத்திக் கரைக்கு வந்திருவேன். இதுக்கா இந்தப் பாடு?

— ஒண்ணுதாங்க. அடுத்தது இருக்குன்னு கை நெனைக்காது. பச்சப் பிள்ளைக்கு நரம்பு தேடி ஊசி ஏத்துத மாதிரி. மூச்சப் பிடிச்சா அந்த ஒண்ணுக்குத்தான் பிடிக்கணும். காலேஜ்ல என்.சி.சி.யில முத முதல்ல கையில தந்ததும் அப்பிடி ஒண்ணுதான். ஒங்களுக்கு வெளங்காது, மீனத் திருப்பிப் போடுங்க.

— சிஸ்டர், வெளையாட்டில்லீங்க.

— நானும் வெளையாடல. உள்ளதச் சொல்லுங்க வாசு. போன மாசப் போட்டியில அவருக்க மகன் தோத்தானே, அதுக்குத்தானே இது?

— அதுவும் ஒரு காரணம்னு வெச்சுக்கங்களேன்.

— அவனுக்குத் தோலுச் சட்ட, கையுற, ஒத்தக் கண்ணாடி, கூடத் தூக்கிட்டு வர ஒரு ஆளு. நான் டூட்டி முடிஞ்சு அப்பிடியே யூனிஃபார்மோட வந்தேன். நின்னு சுட்டேன், அவனும் நின்னுதான் சுட்டான். நான் என்ன செய்யதுக்கு?

— கடைசிக் குண்ட வேணும்னே கொஞ்சம் தள்ளிச் சுட்டிருந்தா எல்லாருக்கும் நல்லா இருந்திருக்குமுங்க. அன்னிக்கே உங்க காதுல சொன்னேன்.

— சொன்னீய. அதுனாலதான் நடு மையத்துல போட்டேன்.

— அக்கா சாமி! இப்ப என்னதானுங்க வேணும் உங்களுக்கு? அதச் சொல்லுங்க, நான் போய்ப் பேசறேன்.

— நம்ம கிளப்புல சுடுதாளே நஜீஹா, அந்த டீச்சர். அவ இந்த நாட்டுக்காரி, அவளுக்கு லைசென்ஸ் உண்டு. நாலையும் அவ பேருக்கு மாத்தித் தரச் சொல்லுங்க. மாத்தின அண்ணைக்கு டப்பாவ நானே கொண்டு வந்து, மக்தூம் முன்னால வெச்சே சைட்ட மாட்டுகேன்.

— மறுபடியும் இன்னொருத்தரு பேருலயா?

— இந்தத் தடவ எழுத்துல. அவளே எழுதித் தாறேன்னு சொல்லியாச்சு.

— அவரு ஒத்துக்க மாட்டாருங்க.

— ஒத்துக்காண்டாம். குருட்டுத் துப்பாக்கியப் பரிசு குடுக்கட்டும். அந்த வெவரமான ஆளு கேப்பாரு, கண்ணு எங்கன்னு. சத்வாவுல ஒரு நர்சு வீட்டுல இருக்குன்னு சொல்லட்டும்.

— கிளப்புல இருந்து உங்கள எடுத்துருவாரு.

— எடுக்கட்டும்.

— திருட்டு கேசு குடுத்தாருன்னா?

— குடுக்கட்டும். நான் வாங்குன சாமானுக்கு ஏலக்காரன் அனுப்புன ரசீது எனக்க பேருல இருக்கு. ஆஸ்பத்திரியில இதவிடப் பெரிய மொதலாளி எல்லாம் எனக்கிட்ட ஊசிக்கு பயந்து அழுதிருக்கான். ஒங்க ஆள வரச் சொல்லுங்க.

— சிஸ்டர், இத நான் சொல்லாமயே போயிரலாம்னுதான் இவ்வளவு நேரம் பேசுனேன். நேத்து அவரு சொல்லி அனுப்புனதுங்க, என்னோட வார்த்த இல்ல. ஞானையா அண்ணன் விசா யாரோடதுங்க?

— ஏன்?

— மக்தூமோட போட் கம்பெனிதானுங்களே. நாளைக்குள்ள டப்பா வரலேன்னா அண்ணன் விசா கேன்சல். நான் கெஞ்சிப் பாத்துட்டனுங்க. கலாஸ், பேச்சு முடிஞ்சுதுன்னு கைய ஆட்டிட்டாரு.

— மனுசன் என்ன செய்தாரு? அவருக்க போட்டுல ஒரு நாளு எஞ்சின் நின்னுருக்கா? அலைக்கும் மழைக்கும் கூப்பிட்ட நேரம் போன மனுசன்.

— அதெல்லாம் அவருக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சுதான் இதப் பிடிச்சிருக்காரு. அண்ணனுக்கு அம்பத்தெட்டு ஆச்சு. இந்த வயசுல இனி எந்தக் கம்பெனி புதுசா எடுக்கும்? நீங்களே ரோசன பண்ணுங்க.

— எனக்கிட்ட மோதணும்னா எனக்கிட்ட மோதட்டும். இந்த மனுசன் சோத்துல எதுக்குக் கை வைக்கான்?

— உங்ககிட்ட வேற எதுலயும் கை வைக்க முடியலீங்களே.

— ஏங்க, கேட்டீயளா இவரு சொல்லுகத?

— கேட்டேன், கேட்டேன். எண்ண தெறிக்குது, அடுப்ப அணைச்சுட்டு வாறேன்.

— வீட்டுல சும்மா இருன்னா இந்த மனுசனால ஒரு வாரம் இருக்க முடியாது வாசு. கடலு மணம் இல்லேன்னா இவருக்குத் தூக்கம் வராது.

— அதனாலதானுங்க சொல்றேன்.

— எடுத்துக்கிடுங்க.

— என்னங்க?

— அலமாரி மேல்தட்டுல இருக்கு. பிஸ்கட் டின்னு. நானே எடுத்துத் தர மாட்டேன், எனக்க கை தராது. நீங்க எடுங்க. சாச்சுப் பிடிக்காதீய. நாலும் துணியில சுத்தியிருக்கு, பிரிக்காதீய. வேர்வைக் கையால தொட்டா கறுத்துப் போவும். நெட்டையா இருக்குகது எட்டுப் பட்டக் குழாய் உள்ளதுக்கு. மாத்தி மாட்டிராதீய.

— பத்தரமாக் கொண்டு போறனுங்க.

— ஒங்க மொதலாளிக்கிட்ட சொல்லுங்க, எனக்கிட்ட அவரு ஜெயிக்கல. எனக்க மாப்பிள்ளைய முன்னால நிறுத்தி வெச்சுட்டு அவருக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னாரு. நான் சுடாம துப்பாக்கியத் தாழ்த்துனேன். அம்புட்டுத்தான். இந்த வார்த்தையிலயே சொல்லணும்.

— சொல்றனுங்க.

— சொல்ல மாட்டீய. போங்க.

— வாசு சாரே, அந்த டின்னக் கீழ வையும்.

— அண்ணா, சிஸ்டரே குடுத்துட்டாங்க…

— அவ எனக்காகத் தந்தா. நான் வாங்கல. வையும்.

— உங்க வேல போயிருமுங்கண்ணா, வெளையாடாதீங்க.

— காலம்பற மக்தூம் என்னையக் கூப்பிட்டு, பொஞ்சாதிக்கிட்ட இருந்து டப்பாவ வாங்கிட்டு வா, இல்லேன்னா கேன்சல்னான் சாரே. அந்தக் கேன்சல் பேப்பர நானே கேட்டு வாங்கி ஒப்புப் போட்டுக் குடுத்துட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.