கறின்னா என்ன காய்?

ஆரப்பாளையத்தில் ஏறி விளாங்குடியில் இறங்குவதற்குள் பஸ்ஸில் காதில் விழுந்தது இது. முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் சட்டைப்பையில் பேனா வைத்திருந்தார். மற்றவர் பெரிய மீசைக்காரர்.

“மாப்ள, எங்க மேனேஜரோட ஆசாரத்தக் கெடுத்துப்புட்டேன்” என்றார் பேனாக்காரர்.

“என்னடா செஞ்ச?”

“தஞ்சாவூர்ப் பக்கத்து மனுசன், சுத்த சைவம். மத்தியானம், ‘இங்க கறிதோசை பேமஸாமே, ரெண்டு வாங்கிட்டு வாங்க’ன்னாரு. நானும் வாங்கிக் குடுத்துட்டேன். பெறகுதான் கேஷியர் அக்கா சொல்லுது, அவரு வீட்டுல கறின்னா காய்ப் பொரியலாம்.”

“அடப்பாவி! மதுரையில கறின்னா ஆடுல்ல?”

“அது நமக்குத் தெரியும். அவருக்கு?”

“தோசை மேல அம்புட்டுக் கொத்துக்கறி கெடக்கும். பாத்தா தெரியாதா?”

“பொடிப்பொடியாக் கொத்தி, முட்டைய ஊத்திப் பெரட்டிப் போட்டா என்னத்தத் தெரியும்? வெரல நக்கித் தின்னாரு மாப்ள.”

“இன்னைக்கே சொல்லிரு. வேற ஆளு சொல்லி அவருக்குத் தெரிஞ்சா ஒன்னய ராமநாதபுரத்துக்குத் தூக்கிருவாரு.”

அப்போது போன் அடித்தது.

“அய்யய்யோ, அவருதான்.”

பேனாக்காரர் ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்றே பேசினார். “சரிங்க சார், சரிங்க சார்” என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

“என்னடா, தெரிஞ்சிருச்சா?”

“நாளைக்கும் ரெண்டு வேணுமாம். வீட்டம்மா ஊர்லருந்து வாராங்களாம். அவங்க கேட்டா, உள்ள இருக்குறது கத்திரிக்காய்னு நாந்தான் சொல்லணுமாம்.”