ஒம்பதரைச் சூடு

இல்லைத் தங்கச்சி, அது பொய். முப்பதிலை வைச்சா வீடு கெதியாச் சூடாகும் எண்டுறது பெரும் பொய். மனுசர் நம்பிக் கெட்டதுகளை ஒரு வரிசையிலை வைச்சா, பூமி தட்டை எண்டதுக்கு அடுத்ததா இதைத்தான் வைக்கவேணும். சிரிக்காதையும். ஓ, சிரிக்கேல்லையோ. சிரிச்சாலும் குற்றமில்லை, நீர் இஞ்சை வந்த நாளிலை இருந்து நான் அதைக் காணேல்லை.

இதிலை இரும். போர்வையைக் காலுக்குப் போடும், மாசி மாசத்திலை இந்த மாபிள் நிலம் ஐஸ்கட்டி. பலெர்மோவிலை குளிரில்லை எண்டு ஊருக்குக் கடிதம் போடுறவையைப் பிடிச்சு இதிலை வெறுங்காலோடை நிப்பாட்டவேணும். வெளியிலை வெயில் எறிக்கும், உள்ளுக்கை பல்லுக் கிட்டும்.

சரி. சுவரிலை இருக்கிற இந்தப் பெட்டி, தெர்மோஸ்ராற், இது அடுப்பில்லை. இதுக்கு ஒண்டையும் சூடாக்கத் தெரியாது. இதுக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு சொல்லு. ஓம், இல்லை. குசினிப் பக்கத்து பல்கனியிலை காஸ் பெட்டி ஒண்டு தொங்குதெல்லே, இஞ்சத்தைச் சனம் கல்தாயா எண்டுவினம், இது ஓம் எண்டா அது எரியும், இல்லையெண்டா அணையும். இருபதெண்டாலும் முப்பதெண்டாலும் எரியிறது ஒரே நெருப்புத்தான். பஸ் தரிப்பிலை நிண்டு கத்திக் கூப்பிட்டா பஸ் கெதியா வாறதோ?

ஓம், விளங்குது. நீர் கெதிக்காக வைக்கேல்லை. வாற நேரத்துக்குச் சூடு வரேல்லை எண்டுதான் கையாலை ஏத்தினனீர்.

இண்டைக்கு ஞாயிறு, தங்கச்சி. ஞாயிறிலை அது வராது.

பீலிக்ஸ் சொன்னவன். கோபிக்காதையும், அவன் கோள் சொல்லேல்லை, பயந்துபோய்ச் சொன்னவன். போன கிழமை தடிமன் எண்டு வேலைக்குப் போகாமல் வீட்டிலை நிண்டவனெல்லே? ஒம்பதரைக்கு நீர் ரெண்டு கோப்பையிலை தேத்தண்ணி ஊத்தினீராம். ஒண்டு தனக்காக்கும் எண்டு அவன் கையை நீட்ட, நீர் அதை அங்காலை தள்ளி வைச்சிட்டு, அவர் இப்ப வந்திடுவார் அண்ணை எண்டனீராம். அதுக்குப் பிறகு அவன்ரை தடிமன் மாறிப்போச்சு. அடுத்தநாளே வேலைக்கு ஓடிட்டான். இப்ப பூசைக்குப் போயிருக்கிறான், உம்மடை பேரிலையும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவான்.

எனக்குப் பேயிலை நம்பிக்கையில்லை. ஆனா யோகாம்பாள் அக்கா சொன்னதிலை எனக்குப் பயமிருக்கு. அவ லிபெர்த்தா வீதியிலை, தான் வேலை செய்யிற வீட்டுச் சினோராவின்ரை சொந்தக்காரர் வீட்டிலை உமக்கெண்டு ஒரு வேலை பிடிச்சு வைச்சிருக்கிறா. காலமை போனா பின்னேரம் வரலாம், நல்ல சனம். அவ வந்து கேட்ட ரெண்டுதரமும் நீர் காலமை ஏலாது எண்டு அனுப்பிப்போட்டீர். நாளைக்கும் போகாட்டி அவையள் வேறை ஆளைப் பாத்திடுவினமாம். நீர் வந்த விசா உம்மடை மனுசன் நகுலேஸின்ரை பேரிலை வந்த விசா. அவன் இல்லாமல் நீர் இஞ்சை நிக்கிறதெண்டா கையிலை ஒரு வேலை இருக்கவேணும், தங்கிற பெர்மெசோ கேட்டுப் போனா குவெஸ்தூராவிலை பொலிஸ்காரர் அதைத்தான் முதல் கேப்பாங்கள். இல்லையெண்டா திரும்பக் கொழும்பு லொட்ஜ், திரும்பச் செக்பொயின்ற். காலமை ஏன் ஏலாது எண்டு யோகாம்பாள் அக்காவுக்கு விளங்கேல்லை. எனக்கு விளங்கினது. அதுதான் இருத்தி வைச்சுக் கதைக்கிறன்.

நகுலேஸுக்கு இரவு வேலை எண்டு எழுதியிருப்பான். என்ன வேலையெண்டு எழுதினவனோ? இல்லையோ. அப்பிடித்தான் அவன். லிபெர்த்தாவிலை ஒரு கிழவனுக்கு இரவிலை துணையிருக்கிறது. விடிஞ்சா அந்தாளைக் கழுவித் துடைச்சு, உடுப்பு மாத்தி, மகள்காரி வந்தாப் பிறகுதான் வெளிக்கிடுவான். இஞ்சை வர பத்து மணியாகும். அவனோடை இந்த வீட்டிலை இருந்த நானும் பீலிக்ஸும் விடியவே வேலைக்குப் போயிடுவம். அவன் கதவைத் திறந்தா வீடு சவக்காலை மாதிரிக் கிடக்கும். குளிரிலை பகல் நித்திரை வராது. பகல் நித்திரை இல்லாட்டி இரவு கிழவனுக்குப் பக்கத்திலை தூங்கி விழுவான், கிழவன் மகளிட்டைச் சொல்லுவான்.

அப்பதான் இந்தப் பெட்டியை வாங்கியந்தவன். பழைய பெட்டி வெறும் சில்லு, முறுக்கினாத்தான் வேலை செய்யும். இதுக்கு நாளும் நேரமும் சொல்லிக்குடுக்கலாம். கையேடு நாலு பாஷையிலை, தமிழ் மட்டும் இல்லை. நான் இத்தாலியனை வாசிச்சு, மூலம், பொழிப்பு, விசேட உரை எண்டு முறைப்படி சொல்லிக்கொண்டு வர, அவன் பொழிப்போடையே எழும்பிப் பொத்தானை அமத்திக் காரியத்தை முடிச்சிட்டான். கொடுப்புக்குள்ளை ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு உமக்குத் தெரியும்.

இஞ்சை பாரும், கிட்ட வாரும். மேலை ஒண்டிலை இருந்து ஏழு மட்டும் இலக்கம். ஒண்டு திங்கள், ஏழு ஞாயிறு. எங்களுக்கு ஞாயிறிலை துவங்கிற கிழமை இவையளுக்குத் திங்களிலை துவங்குது, அதைப் பற்றிப் பிறகொரு நாள் சொல்லுறன். இந்தச் சின்னச் சூரியன் வந்தா சூடாக்கு எண்டு கருத்து. சந்திரன் வந்தா குளிர விடு. ஒம்பதரைக்குச் சூரியன், மத்தியானம் சந்திரன். அவன் வந்து சேரேக்கை அறை பதமா இருக்கும், அவன் நித்திரையானாப் பிறகு காஸ் வீண்போகாது. சனி இரவு அவனுக்கு வேலையில்லை, ஞாயிறு வீட்டிலை நிப்பான், வேணுமெண்டா எழும்பிக் கையாலை போடுவான். அதாலை ஏழாம் இலக்கத்துக்கு ஒண்டும் சொல்லிக்குடுக்கேல்லை. அவ்வளவுதான் ஞாயிறின்ரை மர்மம். உம்மோடை கோவமில்லை. லீவு.

சத்தமோ? சொல்லுறன். முதல் டிக் எண்டுறது இந்தப் பெட்டி. பிறகு பல்கனியிலை ஊப் எண்டு நெருப்புப் பத்திற சத்தம். பிறகு சுவருக்குள்ளாலை போற குழாய் சூட்டிலை நீண்டு உரசும். அதுதான் அந்தக் கிலுக்குச் சத்தம். கதவிலை திறப்புப் போடுற சத்தமில்லை. ஓம், அச்சொட்டா அப்பிடித்தான் கேக்கும். எனக்கும் அப்பிடித்தான் கேட்டது.

அண்டைக்கு எனக்கு வேலை வீட்டுக்கு ரெலிபோன் வந்தது. பஸ் தரிப்பிலை விழுந்திட்டான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேக்கையே முடிஞ்சுது, பாஸ்போட்டைக் கொண்டுவா எண்டாங்கள். ஓடிவந்து இந்தக் கதவைத் திறக்கிறன், வீடு நல்ல சூடு. ஆரோ உள்ளுக்கை இருக்கிற மாதிரிச் சூடு. அவன் போய் ஒரு மணித்தியாலமாச்சு, வீட்டுக்கு ஆரும் சொல்லேல்லை. நான் அலுமாரியைக் கிண்டிப் பாஸ்போட்டைத் தேடுறன், வேர்க்குது. கோட்டைக் கழட்டினன். வெக்கமாயிருந்தது, ஆனாலும் கழட்டினன். அவனுக்கெண்டு ஏத்தின சூட்டிலை நிண்டு.

இல்லை, அழாதையும் எண்டு சொல்லமாட்டன். அழும். நான் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுறன்.

ஏன் உடனை நிப்பாட்டேல்லை எண்டோ? நல்ல கேள்வி. முதல் ரெண்டு கிழமை எனக்கும் பீலிக்ஸுக்கும் தலை கால் தெரியாது. ஆஸ்பத்திரி, எம்பசி, சவக்காலை, உமக்கு ரெலிபோன். நான் ரெலிபோன் காட் முடியுமட்டும் ஹலோ ஹலோ எண்டு சொல்லிக்கொண்டு நிண்டன். உம்மடை விசா குத்துப்பட்டதும் அந்தக் கிழமைதான். பெட்டியை ஆர் பாத்தது? அது தன்ரை பாட்டுக்கு ஒம்பதரைக்கு எரிஞ்சு மத்தியானம் அணைஞ்சுது. வீட்டிலை ஒருத்தருமில்லை.

பிறகு அது தானாவே நிண்டிட்டுது.

ஓம், நிண்டது. இந்த மூடிக்கு உள்ளுக்கை ரெண்டு பற்றரி இருக்கு. பற்றரி செத்தா, செத்த கையோடை புதுசைப் போடவேணும். பிந்தினா பெட்டி எல்லாத்தையும் மறந்திடும். கையேட்டிலை அதுக்கு மட்டும் தடிச்ச எழுத்து. நத்தாருக்குக் கிட்ட ஒருநாள், என்ரை சினோரா வெளியூர் போனதாலை நான் வீட்டிலை. இந்தக் கதிரையிலைதான் இருந்தன். ஒம்பதரையாச்சு. ஒண்டுமில்லை. பத்தாச்சு. ஒண்டுமில்லை. எழும்பிப் பாத்தா பெட்டியின்ரை முகம் வெறுமை, நாளுமில்லை, நேரமுமில்லை. ரெண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தன் தங்கச்சி, ஆனா என்னை இருத்தி வைச்சது குளிரில்லை. கதவைப் பாத்துக்கொண்டு இருந்தன். பாத்துக்கொண்டு இருக்கிறன் எண்டு விளங்கவே எனக்குக் கனநேரம் போச்சு.

மூலையிலை இருக்கிற சிகரெட் கடையிலை பற்றரி விப்பினம். வாங்கியந்து போட்டன். கையேட்டை எடுத்து வைச்சு, ஒண்டிலை இருந்து ஆறு மட்டும், ஒம்பதரைக்குச் சூரியன், மத்தியானம் சந்திரன். அவன் போட்ட மாதிரியே. ஞாயிறை வெறுமையா விட்டன், அதுவும் அவன் விட்ட மாதிரியே.

ஓம். நீர் வந்த நாள்முதல் கேட்டுக்கொண்டிருக்கிற ஒம்பதரை அவன் போட்டதில்லை. நான் போட்டது. அவன் போட்டது உம்மடை பிளேன் வரமுதலே அழிஞ்சுபோச்சு.

அவர் இல்லையெண்டு உமக்குத் தெரியாமலில்லை, எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் தேத்தண்ணி ஊத்தினனீர். நானும் தெரிஞ்சுகொண்டுதான் பற்றரி போட்டன். இந்த வீட்டிலை இப்ப பீலிக்ஸ் ஒருத்தன்தான் உண்மையாவே பேய்க்குப் பயப்பிடுறவன்.

அழிக்கிறது லேசு. இந்தப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேத்து, கோடு வரும்வரைக்கும் அமத்திப் பிடிச்சாச் சரி. பீலிக்ஸ் சொன்ன நாளிலை இருந்து நாளும் விடிய வேலைக்குப் போகேக்கை இதுக்கு முன்னாலை வந்து நிக்கிறன். சப்பாத்துப் போட்டு, கோட்டுப் போட்டு, கையை நீட்டிக்கொண்டு. ஏலாமல் கிடக்கு தங்கச்சி. பிறகு பஸ்ஸுக்கு நேரம் போகுது எண்டு ஓடிடுவன். உமக்குப் பாடம் எடுக்கிற மாதிரி இவ்வளவு நேரம் அலட்டினது அதுதான். எனக்கு உம்மடை கை வேணும்.

அவசரமில்லை.

எழும்பிட்டீரோ. இது ஒண்டு, அது மற்றது. இறுக்கத் தேவையில்லை. விடாதையும், இன்னும் கொஞ்சம். ம். கோடு வந்திட்டுது.

பிறகென்ன அமத்துறீர்? இரும், இரும், அது நாள் இலக்கம். ஒண்டிலை இருந்து அஞ்சு. பின்னேரம் ஆறு மணியோ? ஏன் ஆறு, அந்த நேரம் நானும் வரமாட்டன், பீலிக்ஸும்...

ஓ. லிபெர்த்தாவிலை இருந்து நீர் பஸ் பிடிச்சா ஆறுக்கு வந்திடலாம். ஆறேகாலெண்டு வைச்சுக்கொள்ளும், தரிப்பிலை நிக்கிற நேரத்தையும் சேக்கவேணும். ஓம், சூரியன் அந்தப் பொத்தான்தான். சூடு பத்தொம்பது காணும். யோகாம்பாள் அக்கா இப்ப வீட்டிலைதான் நிப்பா, நான் கீழை போய் ரெலிபோன் எடுத்திட்டு வாறன்.

அந்தா, பல்கனியிலை கல்தாயா அணைஞ்சிட்டுது.